பனிக்கட்டி வரைந்த கரை

ஆனையிறவைத் தாண்டி வடக்கே போகிறவருக்கு நிலம் ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. இரு பக்கமும் உப்பு வெளி. அதற்கப்பால் கடனீரேரி, அதன் விளிம்பில் பனைக்கூட்டம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிக உயர்ந்த இயற்கை நிலமே கடல் மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். முற்றிய பனை அதைவிட உயரம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக் கடலுக்குப் போகும் வழுக்கையாறும் மழைக்கு மட்டும் ஆறு. மற்ற நாளில் அதன் படுகையில் மாடு மேயும்.

இந்தத் தட்டை நிலத்தைப் பனிமலையோடு சேர்த்துப் பேசுகிற எண்ணம் எனக்கு என் மருமகனால் வந்தது. நோர்வேயில் பிறந்து வளர்ந்தவன், விடுமுறைக்கு வந்திருந்தான். பஸ் யன்னலால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, “மாமா, இஞ்ச ஒரு புட்டிகூட இல்லையே” என்றான். குறையாகச் சொல்லவில்லை. அவன் கல்ஹோப்பிகன் ஏறியவன். நோர்வேயின் மிக உயர்ந்த சிகரம் அது. அவன் ஏறிய வழியில் ஒரு பனியாற்றைக் கடக்க வேண்டும். பனிக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்புகளுக்குப் பயந்து எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டி, வழிகாட்டி முன்னால் நடப்பார். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆடி மாதத்திலும் அப்படித்தான்.

கல்ஹோப்பிகனின் உயரம் 2,469 மீட்டர். நம்முடைய பீதுருதாலகாலை 2,524 மீட்டர். இலங்கையின் உச்சி நோர்வேயின் உச்சியைவிட உயரம் என்றதும் பையனுக்கு நம்ப முடியவில்லை. கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான். ஆனால் பீதுருதாலகாலையில் பனியாறு கிடையாது. நுவரெலியாவில் தை மாத விடியலில் புல் மேல் உறைபனி படியும், வெயில் ஏறப் போய்விடும், அவ்வளவுதான். உயரம் மட்டும் பனிமலையை உண்டாக்காது. துருவத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறோம், ஓராண்டில் விழுகிற பனி அடுத்த கோடைக்குள் உருகித் தீர்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. மிச்சம் விழுந்துகொண்டே வந்தால் அடியிலுள்ள பனி அழுந்திக் கட்டியாகும். கட்டி தன் பாரத்தாலேயே சரிவில் நகரத் தொடங்கும். நகர்ந்தால்தான் அது பனியாறு.

யாழ்ப்பாணம் கிடக்கும் அகலாங்கில், பத்துப் பாகைக்குச் சற்றுக் கீழே, பனி நிலைக்க எவ்வளவு உயரம் வேண்டும்? ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். ஆபிரிக்காவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் என்பதால் அங்கே உச்சியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. நியூகினியின் புஞ்சாக் ஜாயா 4,884 மீட்டர். அதன் பனி நம் கண் முன்னாலேயே தீர்ந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலும் அந்த ஐந்து கிலோமீட்டர் மட்டம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் இடித்துக்கொண்டு எழும்புகிற கருமுகில் அந்த மட்டத்தைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை போகும். அதன் மேல்பாதியில் பெரும்பாலும் பனித்துகள். நம் முற்றத்தில் விழும் பெருந்துளிகளில் கனக்க மேலே பனிக்கட்டியாகப் பிறந்து, இறங்கும் வழியில் உருகியவை. பனிமலை நமக்கு இல்லை, பனிக்கட்டி இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். சிரித்தான்.

ஆனால் இந்த நிலத்துக்கும் பனிக்கும் உள்ள பெரிய தொடர்பு முகிலில் இல்லை. அதைப் பார்க்கப் புத்தூருக்குப் போக வேண்டும்.

நிலாவரைக் கிணறு தெருவோரத்திலேயே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சாதாரணக் கேணி. கிட்டப் போய் எட்டிப் பார்த்தால்தான் நீரின் நிறம் பிடிபடும். ஓரத்தில் பச்சை, நடுவில் கறுப்புக்கு மிகக் கிட்டிய நீலம். படியில் நின்றால் சுண்ணாம்புக்கல்லின் வெட்டுமுகம் தெரியும்: வெளிறிய மஞ்சள், ஊசியால் குத்தினதுபோலத் துளைகள், இடையிடையே சிப்பித் தடங்கள். இராமன் தன் படையின் தாகம் தீர்க்க அம்பு ஊன்றிய இடம் என்பது ஊர்க்கதை. இங்கே தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்பது இன்னொன்று. எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இந்தக் கிணற்றை விரிவாக எழுதியிருக்கிறார். ஆழம் ஏறத்தாழ ஐம்பது மீட்டர். மேலே நல்ல தண்ணீர்; கீழே போகப் போக உவர்; அடியில் கடல்நீர்.

இந்தக் கல் மயோசீன் காலத்தது. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது, இங்கே ஆழமில்லாத வெப்பக்கடல் இருந்தபோது சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்து இறுகியது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். வெடிப்பு பிளவாகும், பிளவு குகையாகும், கூரை விழுந்தால் நிலாவரை ஆகும். சிறியதாக விழுந்த பள்ளங்களைப் பொக்கணை என்பார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி. நன்னீர் ஓடும் மட்டத்தில்தான் சுண்ணாம்பு நன்றாகக் கரையும். நன்னீர் மட்டமோ கடல் மட்டத்தை ஒட்டியது. அப்படியென்றால் இன்றைய கடல் மட்டத்துக்கு எவ்வளவோ கீழே இவ்வளவு ஆழமாக ஒரு குழி எப்படிக் குடைந்தது? கடல் அவ்வளவு கீழே இறங்கியிருந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விடை. அப்படி ஒரு காலம் இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவின் பெரும்பகுதியிலும், ஸ்கண்டிநேவியா முழுவதும், கிலோமீட்டர்க் கணக்கான தடிப்பில் பனி மூடிக் கிடந்தது. அவ்வளவு நீரும் கடலிலிருந்து போனதுதான். உலகெங்கும் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே நின்றது.

பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. கடல் 120 மீட்டர் இறங்கினால் என்ன மிஞ்சும்? குடாநாடும் இல்லை, தீவும் இல்லை, நீரிணையும் இல்லை. கீரிமலையிலிருந்து கோடியக்கரைக்கு ஒரே வெளி. யானையும் மானும் மனிதரும் நடந்த வெளி. வறண்ட வெளியும்கூட: ஹோட்டன் சமவெளியின் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தங்களைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், பனியூழி உச்சத்தில் இலங்கையின் மலைநாடே வறட்சியில் கிடந்தது என்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அப்போது நலிந்திருந்தது. பிறகு வடக்கே பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. ஏறத்தாழ 10,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்னான காலத்தில் கடைசித் தரைவழியும் முழுகி இலங்கை தீவானது. கடல் ஓரளவு நிலைகொண்ட பிறகுதான் அலையும் காற்றும் வடமராட்சி கிழக்கின் மணற்கரைகளைக் கட்டின. கடனீரேரிகள் உள்ளே அடைபட்டன. நாம் படத்தில் பார்க்கிற குடாநாட்டின் கோடு அப்படி வந்தது. அந்தக் கோட்டினை வரைந்த பனி ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் மேலே கிடந்த பனி.

இதைச் சொன்னபோது மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நாங்கள் இப்ப இருக்கிற இடத்துத் தண்ணியோ இஞ்ச வந்திருக்கு?” என்று கேட்டான். கேள்வி சரி. 1956இல் குருநகர் அந்தோனி இராஜேந்திரம் நோர்வேக்குப் போய் மீன்பிடித் தொழில் கற்று, பின்னாளில் காரைநகரில் சீநோர் நிறுவனத்துக்கு வழி செய்தார். அவர் பின்னால் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஊர்ச்சனம் செறிந்து வாழும் ஸ்காபரோவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில், 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் செங்குத்துகள் நிற்கின்றன. கோடையில் எங்கள் ஆட்கள் பிள்ளைகளோடு போய் நின்று படம் எடுக்கும் இடம். அந்தச் செங்குத்தின் மண்ணும் களியும் கூழாங்கல்லும் பனிப்பாளம் அரைத்து இழுத்து வந்து போட்டவை. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்தான் அங்கிருந்து பனி விலகியது. பனி விட்டுப்போன நிலங்களாகப் பார்த்துப் போய்க் குடியேறியிருக்கிறோம். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. ஆனாலும் எனக்கு இது விசித்திரமாகவே படுகிறது.

புத்தூரிலிருந்து அச்சுவேலிப் பக்கம் திரும்பினால் செம்மண். சுண்ணாம்புக்கல் கரைந்தபின் மிஞ்சிய இரும்பு துருப்பிடித்த நிறம். வெண்காயப் பாத்திகளுக்கு இறைப்பு நடந்துகொண்டிருந்தது. முந்தித் துலா மிதித்து இறைத்த கிணறு. ஆடுகால் நின்ற இடத்தில் இப்போது மிசின் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வரும்போது முதலில் மண்ணின் தூசி நுரைபோல முன்னால் ஓடுகிறது. பாத்தி வாயைத் தோட்டக்காரர் மண்வெட்டியால் ஒரே இழுவையில் திறக்கிறார், நிரம்பியதும் அதே மண்ணை இழுத்து அடைக்கிறார், அடுத்த பாத்திக்குப் போகிறார். பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிசின் ஓடவில்லை. “ஏன் அண்ணை நிப்பாட்டிப்போட்டியள்?” என்றேன்.

“கூட இழுத்தா உவர் ஏறும். கிணறு ஊறட்டும், பின்னேரம் பாப்பம்.” பிறகு மருமகனைப் பார்த்து, “தம்பி, பங்குனி சித்திரையில இந்தத் தண்ணியைக் குடிச்சுப் பாக்கோணும். நாக்கில ஒரு கரிப்பு நிக்கும். ஐப்பசி மழை விழுந்தாத்தான் தன்ர குணத்துக்கு வரும்” என்றார்.

அவர் சொன்னதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் படோன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் கணக்காக எழுதினார்கள். நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு இலேசு. அதனால் குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர் ஒரு வில்லைபோல உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் இருக்கும். கல்லில் குகையும் பிளவும் உள்ள இடத்தில் கணக்கு அப்படியே நிற்காது, போக்கு அதுதான். திருப்பிப் பார்த்தால் பயம் வரும்: மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உவர் நாற்பது மீட்டர் எழும்பும். ஆற்று நீரும் மலை ஊற்றும் இல்லாத இலட்சக்கணக்கான சனம் பெரும்பாலும் இந்த வில்லையில்தான் உயிர் வாழ்கிறது. அதை நிரப்புவது மழை மட்டுமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும்.

மிச்ச மாதங்கள் காற்றுக்குரியவை. வைகாசி தொடங்கினால் சோளகம். பகல் முழுவதும் ஒரே திசையில் அடிக்கும். பனையோலைகள் ஓயாமல் அலறும். தெருப்புழுதி கண்ணில் வரும், மழை வராது. மேற்குத் தொடர்ச்சி மலையும் நம் மலைநாடும் அந்தக் காற்றின் ஈரத்தைப் பறித்துக்கொள்கின்றன. இங்கே மறித்து மேலே ஏற்ற ஒரு குன்றுகூட இல்லாததால் மிஞ்சிய ஈரமும் தலைக்கு மேலால் போய்விடுகிறது. பிறகு வாடை திரும்பும். மழை ஓய்ந்த தை மாதத்தில் அதே வாடைதான் வல்வெட்டித்துறைப் பட்டங்களை ஏற்றுகிறது.

கீரிமலையில் நிலம் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். சில மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் விளிம்பு, கீழே அலை. குடாநாட்டில் மலைக்கு இவ்வளவு கிட்ட வரும் இடம் வேறில்லை. நகுலேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய கேணி. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் உப்புநீர். ஆடி அமாவாசைக்கு வந்தால் தலைகள்தான் தெரியும். நாங்கள் போன நாளில் நாலைந்து பெடியள் சுவரில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் இறங்கியதும், “ஊத்துத் தண்ணி எண்டால் குளிருமெல்லோ!” என்றான். நிலத்தடி நீர் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். இங்கே அது 28 பாகை செல்சியஸ் அளவு. அவன் ஊரில் ஊற்றில் கை வைத்தால் விறைக்கும்.

பக்கத்துக் காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, 1990 வரை இந்தக் கல்லைத்தான் தோண்டி அரைத்தது. தோண்டிய குழிகள் பெரும் பள்ளங்களாகக் கிடக்கின்றன. நன்னீரைச் சேர்த்து வைக்கிற கல்லை வெட்டி வித்தது பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு: வேலை கிடைத்தது என்பவர்கள், கிணறு கெட்டது என்பவர்கள். இரண்டும் நடந்தது.

துறைமுகத்தில் இந்தியாவுக்கான கப்பல் நேரத்தைப் பலகையில் எழுதியிருந்தார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குச் சேவை தொடங்கியது. இடையில் நின்றும் ஓடியும் வருகிறது. பனியூழியில் இந்த வழி நடைவழி. கடவுச்சீட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். இதே கடலைத் தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் நீந்திப் போய்த் திரும்பியும் வந்தார். ஆழமில்லாத கடல் என்பது நீந்துகிறவனுக்கு ஒரு பயனும் தராது; நீரோட்டமும் சொறியும் ஆழம் பார்த்து வருவதில்லை.

பருத்தித்துறையைத் தாண்டி மணற்காட்டுக்குப் போனபோது மருமகன் முதல்தடவையாக எதையாவது ஏறினான். காற்று குவித்த மணற்புட்டிகள். ஏறினால் கால் புதையும், இரண்டு அடி வைத்தால் ஓரடி சறுக்கும். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் சவுக்கங்காடு. பழைய அந்தோனியார் தேவாலயத்தை மணல் மூடிவிட்டது. சுவர்களும் வளைவும் மட்டும் வெளியே நிற்கின்றன. 2004 மார்கழியில் சுனாமி இந்தக் கரையைத்தான் அடித்தது. மணற்புட்டி நின்ற இடத்தில் அலை தடைப்பட்டதைப் பார்த்த ஊரில், மணல் அள்ளுகிறவர்களை இன்னும் தடுக்க முடியவில்லை.

பனி இன்றைக்கும் உருகிக்கொண்டிருக்கிறது. 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீட்டர் ஏறியதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு கணித்திருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய காரணம் பனியாறுகளும் பனிப்பாளங்களும் உருகியதே. பலருக்குத் தெரியாத ஒரு கணக்கும் உண்டு. கிறீன்லாந்தின் பனித்திணிவு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் பிடி தளரும். பக்கத்துக் கடல் இறங்கும், தூரத்துக் கடல் சராசரியைவிடக் கூட ஏறும். தூரம் என்றால் நம் பக்கம். நோர்வேக்கு இன்னொரு சலுகை: பழைய பனியின் பாரம் போனதால் நிலமே இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒஸ்லோப் பக்கம் ஆண்டுக்கு ஒருசில மில்லிமீட்டர். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் வடக்கே 8, 9 மில்லிமீட்டர். அங்கே கடலைவிட நிலம் விரைவாக ஏறுவதால் பழைய துறைமுகங்கள் வற்றுகின்றன. யாழ்ப்பாணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அராலியிலும் அரியாலையிலும் கடல் ஓரடி ஏறினால் பல நூறு மீட்டர் உள்ளே வரும். அதற்கு முன்பே கிணற்றில் தெரியும்.

இதற்கு மருந்து அறுபது எழுபது ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த திட்டத்தில், ஆனையிறவுக் கடனீரேரியில் மழைநீரைத் தேக்கி நன்னீராக்கி, வடமராட்சி, உப்பாற்று ஏரிகளுக்கு விட்டு, குடாநாட்டுக்கு ஓர் ஆற்றையே உண்டாக்குவதென்று இருந்தது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்த்தடுப்பு அணைகள் எழுந்தன. திட்டம் முழுமையாகவில்லை, போரில் அணைகளும் பழுதாகின. நாங்கள் தொண்டைமானாற்றில் நின்றபோது கதவுகளில் சில திறந்திருந்தன. வலையோடு நின்றவர், உப்புத்தண்ணி வந்தால்தான் றால் வரும் என்றார். செம்மண் தோட்டக்காரரைக் கேட்டால் கதவைப் பூட்டச் சொல்வார். இரண்டு பேரும் தங்கள் பிழைப்பைத்தான் பேசுகிறார்கள். எனக்குத் தோட்டக்காரர் பக்கம்தான் மனம் சாய்கிறது: றால் இல்லாவிட்டால் ஒரு தொழில் போகும், வில்லை உடைந்தால் ஊரே எழும்ப வேண்டியிருக்கும். ஆனால் கதவைப் பூட்டுகிறவர்கள் வலைக்காரருக்கு என்ன கொடுப்பதென்பதையும் சேர்த்து எழுதாத திட்டம் எத்தனை ஆண்டு போனாலும் கடதாசியில்தான் கிடக்கும்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் கார்த்திகை, மார்கழியில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் போக முடிந்தால் நல்லது. ஒரே கிணறு இரண்டு தண்ணீர் காட்டும். வழுக்கையாறு ஓடுவதைக் காண மழைக்காலம்தான். நிலாவரைக்கு உச்சி வெயிலில் போங்கள், அப்போதுதான் நீரின் நிறம் ஆழத்துக்குத் தெரியும். கம்பிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். மணற்காட்டுக்குச் சோளகத்தில் போனால் வாய் நிறைய மணல். நெடுந்தீவைப் பற்றி இங்கே எழுதவில்லை. குறிகட்டுவானிலிருந்து படகு பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டிய தனி நிலம் அது, தனிக் கட்டுரைக்குரியது.